பெரும்பான்மை என்னும் சொல்



இயற்பியல் பயில்வோர்க்கு ஆய்வுக்கூடம் உண்டு. வேதியியல் பயில்வோர்க்கும் உண்டு. அரசியல் நூல் பயில்வோர்க்கு அஃது எங்கே உளது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாட்டைக் கண்ணாடிக் குடுவையில் இட்டுச் சூடேற்றிப் பார்த்தல் இயலாது. ஆகவே, ஒரு நாட்டின் அனுபவத்தை மற்றொரு நாட்டின் அனுபவத்தோடு வைத்து நோக்கும் ஒப்பீட்டு முறையே நமக்கு ஆய்வுக்கூடமாக அமைகின்றது.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அவர்தம் மாணாக்கரும் 158 அரசுகளின் அமைப்புகளைத் திரட்டி எழுதினர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. எவை அரசுகளை நிலைநிறுத்துகின்றன, எவை அழிக்கின்றன என்று காண்பதே அவர் நோக்கம். அத்தொகுதியுள் ஏறக்குறைய அனைத்தும் மறைந்தன. ஏதென்சு நகரைப் பற்றியது மட்டும் எகிப்தில் கிடைத்த பாப்பிரசுச் சுருள்களில் வெளிப்பட்டு, 1891ஆம் ஆண்டில் அச்சேறியது. யாரோ ஒருவருடைய பண்ணைக் கணக்கின் பின்புறத்தில் அது படியெடுக்கப்பட்டிருந்தது! கணக்கெழுதியவர் தாளை வீசி எறியாமல் வைத்திருந்தமைக்கு நாம் நன்றி செலுத்தத்தான் வேண்டும்.

ஆனால் ஒப்பிடத் தொடங்குமுன் சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். நாள்தோறும் வழங்கும் ‘பெரும்பான்மை’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நூறு பேர் வாக்களிக்கின்றனர், மூவர் போட்டியிடுகின்றனர். ஒருவர் 40 வாக்கும், மற்றொருவர் 35 வாக்கும், மூன்றாமவர் 25 வாக்கும் பெறுகின்றனர். முதல்வர் வென்றார் என்கிறோம். அவர் மற்ற ஒவ்வொருவரையும்விட மிகுதியாகப் பெற்றார். எனினும் பாதிக்கு மேல் பெறவில்லை. இவ்விரண்டு நிலைகளையும் நாம் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் பிறக்கின்றது.

1967ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலின் எண்களை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. காங்கிரசுக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 41க்குச் சற்று மிகுதி. திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது 41க்குச் சற்றுக் குறைவு. ஆயினும் 234 இடங்களுள் கழகம் வென்றவை 137. காங்கிரசு வென்றவை ஏறத்தாழ ஐம்பதே. உடனே, “மிகுதியான வாக்குப் பெற்ற கட்சி தோற்றதா? இது முறையா?” என்று ஒரு குரல் எழும். சினங்கொள்ளுமுன் இன்னோர் எண்ணையும் கேட்டறிதல் வேண்டும். காங்கிரசு ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிட்டது. கழகமோ 174 தொகுதிகளில்தான் நின்றது. மற்றவற்றுள் பலவற்றைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி முதலிய தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. நின்ற இடங்களை மட்டும் கணக்கிட்டால், கழகம் பெற்ற வாக்கு பாதிக்கு மேற்படும். முன்னே முரண்பாடாகத் தோன்றியது பெரும்பாலும் கரைந்துபோகின்றது.

முரண்பாடு எல்லா இடத்தும் இவ்வாறு கரைவதில்லை. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி நூற்றுக்கு 48.8 வாக்குப் பெற்று 295 இடங்களை அடைந்தது. கன்சர்வேட்டிவ் கட்சியினரும் அவர்தம் தோழமையினரும் 48.0 வாக்குப் பெற்று 321 இடங்களுடன் ஆட்சி அமைத்தனர். அவர்களைச் சார்ந்த நால்வர் வட அயர்லாந்தில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதையும் கருதல் வேண்டும்; அங்கே எண்ணுவதற்கு வாக்கே இல்லை. ஆயினும் வேறுபாட்டிற்கு அது மட்டும் காரணமன்று. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதிகளில் தொழிற்கட்சிக்கு வாக்குகள் தேவைக்கு மேல் குவிந்தன. பத்து வாக்கில் வென்றாலும் பதினாயிரம் வாக்கில் வென்றாலும் கிடைப்பது ஓரிடமே அன்றோ?

இத்தகைய முடிவு நியூசீலாந்தில் அடுத்தடுத்து இருமுறை நேர்ந்தது. 1978இலும் 1981இலும் தொழிற்கட்சியே வாக்கில் முந்தியது. இடங்களில் முந்தித் தேசியக் கட்சி ஆட்சியைத் தொடர்ந்தது. 1981இல் மூன்றாம் கட்சியொன்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்றும் இரண்டே இடம் எய்தியது. மக்கள் மனம் புழுங்கிற்று. ஆய்வுக்குழு ஒன்று 1986இல் மாற்றம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1993இல் பொதுவாக்கெடுப்பு அதனை ஏற்றது. 1996 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கின் அளவிற்கேற்ப மன்றத்தில் இடங்கள் அமையும்.

அதே நாடு, அதே மக்கள். விதி மட்டும் மாறியது. ஒப்பீட்டாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? எனினும் இங்கும் விழிப்பு வேண்டும். 1996 தேர்தலில் ஆறு கட்சிகள் மன்றம் புகுந்தன. அவை யாவும் புதுவிதி பெற்ற பிள்ளைகள் என்று கூறிவிட முடியாது. 1980களின் பொருளாதாரக் கொள்கைகள் பழைய கட்சிகளை முன்னரே பிளந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது.

இனி, எம்முறை சிறந்தது என்பது வேறு வினா. விதி என்ன செய்கின்றது என்பதை எண்கள் காட்டும். வாக்குக்கேற்ற இடம் வேண்டுமா, ஒரு கட்சியே பொறுப்பேற்கும் உறுதியான ஆட்சி வேண்டுமா என்பதை எண்கள் தீர்ப்பதில்லை. எதனை மேலானதாக மதிக்கிறோம் என்பதையே அது பொறுத்தது. நியூசீலாந்தில் புதிய முறை வந்தபின் எந்தக் கட்சியும் தனித்து மன்றத்தில் பாதிக்கு மேல் இடம் பெறாமலே தேர்தல்கள் கழிந்தன. கூடிப் பேசி ஆள்வதே அங்கு வழக்கமாயிற்று. 2020ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக ஒரு கட்சி அவ்வாறு வென்றது. அப்போது அக்கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஐம்பதளவு.