ஒரே புத்தகம், இரண்டு பரீட்சை

(பெங்களூர் கிளையின் குடும்பக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பி.யு. கல்லூரி பயாலஜி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"காலேஜ் பாடத்தையும் நீட் படிப்பையும் ஒரு குழந்தை எப்படிச் சேர்த்துச் சமாளிப்பது என்று சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டார். முப்பது வருஷம் இதே வயதுக் குழந்தைகளோடு இருந்தவள் என்ற உரிமையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பி.யு. ஒரு சுமை, நீட் இன்னொரு சுமை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தக் கணக்கே சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

கர்நாடகத்தில் 1994-லிருந்து சி.இ.டி. எழுதித்தான் மெடிக்கல் ஸீட் வாங்கினார்கள். பிறகு நீட் வந்தது, 2013-ல் ரத்தானது, 2016-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எய்ம்ஸுக்கும் ஜிப்மருக்கும் 2019 வரை தனிப் பரீட்சை உண்டு. 2020 முதல் அதுவும் இல்லை. முன்பு ஒரு பரீட்சை போனால் இன்னொன்று என்ற ஆறுதல் இருந்தது. இப்போது மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம், 180 கேள்வி, 720 மார்க். பயம் வருவது இயற்கைதான்.

ஆனால் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 2012-ல் முதல் பி.யு. ஸயன்ஸ் பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி.க்கு மாறியது. நீட்டுக்கும் அஸ்திவாரம் அதே புத்தகம்தான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே பத்து வருஷம் ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே மெடிக்கல் ஸீட் கொடுத்துவிட்டு, 2017-ல் நீட்டுக்கு மாறினார்கள். அரியலூர் மாவட்டத்துக் குழந்தை அனிதா ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கினாள். நீட்டில் 86. அந்த வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அவள் உயிரை விட்டாள். நான் அரசியல் பேச வரவில்லை. அவள் படித்த புத்தகம் வேறு, எழுதிய பரீட்சை வேறு. அப்படிப்பட்ட சுமையை எந்த டைம்டேபிளாலும் தூக்க முடியாது. நம் குழந்தைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்பதை முதலில் நினைவில் வைப்போம்.

அப்படியானால் இங்கே குழந்தைகள் ஏன் திணறுகிறார்கள்? நான் பார்த்தவரை மூன்றாவதாக ஒரு சுமை இருக்கிறது. கோச்சிங் சென்டர் கொடுக்கும் பதினைந்து இருபது மாட்யூல் புத்தகங்கள், அதற்கு மேல் பெரியப்பா பெண் படித்துவிட்டுக் கொடுத்த பழைய கைடுகள். 2024 முதல் நீட் ஸிலபஸிலிருந்து சில பாடங்களையே எடுத்துவிட்டார்கள். பயாலஜியில் ஜீரண மண்டலம், தாவரங்களில் நீர் கடத்தல் இதெல்லாம் கிடையாது. பழைய கைடை வைத்துக்கொண்டு அதையும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உருப்போடும் குழந்தைகள் இருக்கிறார்கள். புத்தகத்தை எடுப்பதற்கு முன் அந்த வருஷத்து ஸிலபஸை அச்சடித்து மேஜை மேல் ஒட்டுங்கள்.

படிக்கும் முறையைச் சொல்கிறேன். காலேஜில் ஒரு பாடம் நடக்கும் அதே வாரத்தில் அந்தப் பாடத்தின் நீட் கேள்விகளையும் போட்டுவிட வேண்டும். கோச்சிங்கில் ஒரு பாடம், காலேஜில் வேறு பாடம் என்று ஓடினால் குழந்தை எதையும் முழுசாகப் படிக்காது. பயாலஜியை வரி வரியாகப் படியுங்கள். படத்துக்கு அடியில் இருக்கும் குறிப்பைக்கூட விடாதீர்கள். 180 கேள்வியில் 90 பயாலஜி. அதை நாற்பத்தைந்து, ஐம்பது நிமிஷத்தில் முடிக்கிறவனுக்குத்தான் பிஸிக்ஸ் கணக்குப் போட நேரம் மிஞ்சும். பி.யு. பரீட்சைக்கோ, அதே பாடத்தைப் பேனா பிடித்து எழுதிப் பார்க்க வேண்டும். டெரிவேஷன், படம், ஐந்து மார்க் பதில் எல்லாம் எழுதினால்தான் வரும். நீட்டுக்கு மட்டும் தயாரான குழந்தைக்கு விடை தெரியும், ஆனால் அரைப் பக்கம் எழுதத் தெரியாது.

"நீட்டுக்கு பி.யு.வில் ஐம்பது சதவிகிதம் இருந்தால் போதுமே மாமி, காலேஜுக்கு எதற்குப் போகணும்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. போதும்தான், ஸீட் கிடைத்தால்! 2025-ல் நீட் எழுதியவர்கள் சுமார் 22 லட்சம் பேர். தேசம் முழுவதும் எம்.பி.பி.எஸ். ஸீட்டுகள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். கிடைக்காத குழந்தையின் கையில் என்ன இருக்கும் என்றும் யோசிக்க வேண்டாமா? கர்நாடக சி.இ.டி.யில் இன்ஜினீயரிங் ரேங்குக்குப் பாதி எடை பி.யு. மார்க்குக்கு. அதை அலட்சியம் செய்தவனுக்கு அந்தக் கதவும் பாதி சாத்தினது போலத்தான். அதோடு 75 சதவிகித அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள்.

கணிதம் வேண்டுமா என்று பத்தாவது முடித்தவர்கள் கேட்பார்கள். குழந்தைக்குக் கணக்கு பிடிக்குமானால் பி.ஸி.எம்.பி. எடுக்கட்டும், பின்னால் உபயோகம். அழுதுகொண்டே போடும் குழந்தைக்கு அது வேண்டாம். வாரத்தில் எட்டுப் பத்து மணி நேரம் மிச்சமாகும். ஆனால் கணிதம் இல்லாத பிரிவு எல்லா பி.யு. கல்லூரிகளிலும் இருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். வொயிட்ஃபீல்டில் வீடு, ஜயநகரில் பெயர் பெற்ற காலேஜ், மல்லேஸ்வரத்தில் கோச்சிங் என்றால் அந்தக் குழந்தை தினம் மூன்று மணி நேரம் சில்க் போர்டு சிக்னலுக்கே தானம் செய்கிறது. பெயரைவிட தூரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் ஒரு சுமாரான காலேஜ் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். காலேஜுக்குள்ளேயே கோச்சிங் வைக்கும் இடங்களில் அலைச்சல் குறைவு. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் குழந்தையை மறுபடி ட்யூஷனுக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் ஏழு மணி நேரம். இதில் நான் பேரம் பேசுவதில்லை.

பாட்டு கிளாஸை நிறுத்தலாமா என்பார்கள். முதல் பி.யு.வில் வேண்டாம். இரண்டாவது வருஷம் டிசம்பரில் நிறுத்தினால் போதும். பூணூல், கிரகப்பிரவேசம் என்று கல்யாண மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போவதைத்தான் நிறுத்த வேண்டும், அங்கே போனால் நாற்பது பேர் "மாக் டெஸ்ட்டில் எவ்வளவு?" என்று கேட்பார்கள். இந்த மார்க் ஒப்பிடுவதே வீண். 2025-ல் பிஸிக்ஸ் கடினமாக வந்து, தேசத்தில் முதலிடமே 686-தான். முந்தின வருஷம் 720-க்கு 720 பலர். இரண்டு வருஷத்து மார்க்கைப் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

மார்ச்சில் பி.யு. பரீட்சை, ஏப்ரல் நடுவில் சி.இ.டி., மே முதல் வாரம் நீட். பி.யு. முடிந்து நீட்டுக்கு ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் புதுசாக எதையும் தொடக்கூடாது. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை, பரீட்சை நடக்கும் அதே நேரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் முழு டெஸ்ட். மறுநாள் தப்பானவற்றைப் புத்தகத்தில் தேடிப் பார்ப்பது. இவ்வளவுதான் வேலை. பி.யு. மார்க் குறைந்துவிட்டதே என்று நடுவில் புலம்ப வேண்டாம். 2024 முதல் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பரீட்சை வைக்கிறார்கள், அதிக மார்க்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வருஷம் ரிபீட் பண்ணலாமா? குழந்தை தானாகக் கேட்டால் ஒரு தடவை சரி. அப்பாவின் ஆசைக்காக இரண்டாவது தடவை கூடாது. சாப்பிடாமல், பேசாமல், ரூமைச் சாத்திக்கொள்ளும் குழந்தையைப் பார்த்தால் "பரீட்சை டென்ஷன்" என்று விடாதீர்கள். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது; டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக அப்பாக்களுக்கு ஒரு ஹோம்வொர்க். நம் ஜனங்கள் மாற்றலில் ஊர் ஊராகப் போகிறவர்கள். கர்நாடக கோட்டாவுக்குப் பொதுவாக ஒன்றாவதிலிருந்து இரண்டாம் பி.யு. வரைக்குள் ஏழு வருஷம் இங்கே படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேறு சில பிரிவுகளும் உண்டு. ஒன்பதாவதில் சென்னையிலிருந்து வந்த குழந்தைக்கு எது பொருந்தும் என்று இப்போதே கையேட்டைப் படித்துப் பாருங்கள். ஸ்டடி சர்டிபிகேட்டில் பழைய ஸ்கூல் கையெழுத்தோடு பி.இ.ஓ. கையெழுத்தும் வேண்டும். ஏப்ரலில் போய் நின்றால் ஸ்கூல் பூட்டியிருக்கும். டிசம்பர் லீவுக்கு முன்னால் வாங்கி வைத்துவிடுங்கள்.