பெயர் பொறிக்காத கற்கள்



ஒரு நினைவுச் சொற்பொழிவுக்காகக் கூடியிருக்கிறோம். ஆகவே இந்த மாவட்டத்தில் யாருக்கு நினைவுக்கல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையே இன்று பேச எடுத்துக்கொள்கிறோம்.

தேனியில் பேருந்தை விட்டு இறங்கினால் கர்னல் ஜான் பென்னிகுக்கின் பெயர் நம்மை வரவேற்கிறது. லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15 அன்று அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்தநாளில் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. வறண்டு கிடந்த ஊர்கள் காட்டும் அந்த நன்றியை நாம் குறை சொல்லவில்லை.

நாம் கேட்பது வேறு. காட்டுக்குள் கல் சுமந்தது யார்? சுண்ணாம்பும் சுர்க்கியும் அரைத்தது யார்? மலேரியாவிலும் காலராவிலும் செத்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் யார்? திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899இல் அதன் வரலாற்றை எழுதினார். அதில் அதிகாரிகள் பெயரோடு வருகிறார்கள். கூலிகள் கணக்காக வருகிறார்கள்.

'அந்தக் காலத்தில் உழைப்பாளிக்குக் கல் வைக்கும் வழக்கம் ஏது?' என்பார்கள். இதே தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவனுக்கு நட்ட கல். மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்கு ஊரும் பேரும் எழுதி வைத்த மண் இது. அணை கட்டிச் செத்தவனுக்கு ஒரு கல் நட இந்த மண்ணுக்குத் தெரியாதா?

வெள்ளையர் ஆட்சியில் அது நடக்காது என்றும் சொல்ல முடியாது. பீமா கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று நடந்த போருக்கு கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய தூணில் 22 மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அங்கே போய் நின்றார். வென்றவர்கள் தங்கள் பெருமைக்காக வைத்த கல்லை அவர் நம்முடைய வரலாறாகப் படித்துக் காட்டினார். அதில் பெயர்கள் இருந்ததால்தான் அப்படிப் படிக்க முடிந்தது.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்தையும் பாருங்கள். அடிமை வணிகம் நடந்த அந்த நகரத்தின் தெருக்களில் 2013 முதல் அதைச் சொல்லும் பலகைகள் நிற்கின்றன. வெள்ளை நிறவெறிக் கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்களுக்கு 2018இல் அங்கே நினைவிடம் திறந்தார்கள். 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களில் 4,400க்கும் மேற்பட்டவர்களின் நினைவு பதிவாகியிருக்கிறது. பெயர் கிடைக்காதவரை விட்டுவிடவில்லை. 'அறியப்படாதவர்' என்று பொறித்தார்கள். பெயர் தெரியவில்லை என்பது கல் வைக்காமல் இருக்கக் காரணமாகாது.

ஒரு கல் சோறு போடுமா என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்த வயலில் நாற்று நடுகிற கைகளுக்கு அதில் எத்தனை குழி சொந்தம்? அணை வேலை நடந்துகொண்டிருந்த அதே 1892இல்தான், செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி, பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. அந்த நிலங்கள் பட்டா மாறிக் கைமாறியதை நாம் அறிவோம். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு மண்ணில் பங்கு கேட்பது எவ்வளவு கடினம் என்பதை மீட்புக்காக அலைகிற ஒவ்வொருவரும் அறிவார்கள். கல்லில் பெயர் கேட்பதும் நிலத்தில் பங்கு கேட்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு வேலைகள்.

இதை ஒரு சாதிக்கான பெருமையாகச் சுருக்கிவிட வேண்டாம். நம் ஊர்களில் தலைவர்களின் சிலைகளே கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. இன்னொரு கூண்டு நமக்குத் தேவையில்லை. அணையில் உழைத்துச் செத்த அனைவரின் பெயரும், சாதிப் பின்னொட்டு இல்லாமல், ஒரே கல்லில் வர வேண்டும்.

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறோம். கூடலூர் முதல் சின்னமனூர் வரை சேரிகளிலும் காலனிகளிலும் வயதானவர்களிடம் 'அணை வேலைக்குப் போன பாட்டன் யார்?' என்று கேட்டு எழுதுங்கள். சென்னை ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறைக் கோப்புகளைத் தேடுங்கள். கிடைக்கும் பெயர்களை ஊர் வாரியாகத் தொகுத்து, மணிமண்டபத்துக்கு அருகே தொழிலாளர் நினைவுக்கல் கேட்டு அரசுக்கு மனுக் கொடுப்போம். கிடைக்காத பெயர்களுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கச் சொல்வோம்.