புளோயர் வாங்கும் முன் ஒரு பெருக்கல் கணக்கு

பழவேற்காட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் என் மைத்துனர், பட்டறை மணலை ஊதித் தள்ள மலிவான பேட்டரி புளோயர் ஒன்று வாங்கினார். பெட்டியில் 48 வோல்ட் என்று போட்டிருந்தது. 10 நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே 5 லித்தியம் செல்கள்தான் என்றார். ஒன்றுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18.

பேங்கில் பழகிய புத்தி, கணக்குப் போட்டேன். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 36 வாட்-மணி. 200 வாட் இழுக்கும் புளோயர் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் இரண்டு மடங்கு. வீட்டில் பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் புளோயரை வாங்குங்கள், பணம் மிச்சம்.

ஃபைபர் தேய்த்த தூசியை மட்டும் ஊதவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். மைத்துனர் இப்போது முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடைக்கிறார். நம் பால்கனியில் ஊதினாலும் தூசி கீழ்வீட்டுக்குத்தான் போகும். அங்கே துடைப்பமே நல்லது.