போரில் மாண்ட நம்மவர் பெயரைத் தேடுவோம்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் போர்வீரர்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் மக்களுக்குப் படையும் ஒரு பள்ளியாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1891இல் மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சுபேதாராகவும் படைப்பள்ளித் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். தமிழகத்திலும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் ஆதிதிராவிடர் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றினர். ஊரில் மறுக்கப்பட்ட எழுத்தும் ஊதியமும் பலருக்கு அங்கே கிட்டின. ஆனால் போனவர் எல்லோரும் திரும்பவில்லை.

முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில் மாண்டு, கல்லறையும் அறியப்படாத நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குப் பாஸ்ராவில் 1929இல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர் கல்லில் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. போர்ப் பதக்கத்திலும் பேதம் இருந்தது: சிப்பாய்க்கு வெள்ளி, இந்தியக் கூலிப்படையினருக்கு வெண்கலம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. சாவிலும் சமத்துவம் மறுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இளைஞர்களே, அந்தக் குறையை நம் ஊரளவிலேனும் நாமே தீர்க்கலாம். முதலில் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதல் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். ஓய்வூதியத் தாள்களையும் மணியார்டர் துண்டுகளையும் கழித்துவிடாதீர்கள். பின்னர் ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் தேடுங்கள். தந்தை பெயரும் ஊரும் பல பதிவுகளில் உண்டு. வேம்பார் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய ஆங்கில வழக்கில் ‘டின்னவெல்லி’ என்றே தேட வேண்டும். ஒரே பெயரை எழுத்தர்கள் பலவாறு எழுதியிருப்பர். படை எண்ணே உறுதியான துணை. நம்முடையது கடற்கரையூர்; ஆகவே கப்பலில் மாண்ட தொழிலாளரையும் மறத்தலாகாது. விடுதலைக்குப் பின் உயிர் ஈந்தோரின் பெயர்கள் 2019இல் புது தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் உள்ளன.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். சான்று இல்லாத வீரக்கதைகளைச் சேர்க்க வேண்டா. பெரியவர் சொன்னதைச் ‘சொல்லக் கேட்டது’ என்றும், ஆவணத்தில் கண்டதை ‘ஆவணம்’ என்றும் பிரித்து எழுதுங்கள். சமையற்காரராகவும் துப்புரவாளராகவும் கோவேறு கழுதை ஓட்டியாகவும் போனவரைச் சிப்பாய் என்று உயர்த்தி எழுதத் தேவையில்லை. அவர் செய்த பணியின் பெயரோடே அவருக்கு மரியாதை உண்டு.

சங்க நூலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு இன்றே திறக்கப்படட்டும். நம் முன்னோரை எண்ணிக்கையாக எழுதிச் சென்றனர். எழுதப் படிக்கக் கற்ற நாம் அவர்களைப் பெயராக எழுதுவோம். இச்சங்கம் தந்த கல்விக்கு அது தக்க கைம்மாறாகும்.