சட்டமன்றம் நமக்கு எதற்கு?

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் நமக்குச் சட்டமன்றம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தவணையின் கதையைக் கொண்டே விடை சொல்வோம்.

2018 மே 9-ஆம் நாள் தேர்தலில் நமது நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தின் 36 இடங்களில் பக்காத்தான் ஹரப்பான் 20-ம், பாரிசான் நேஷனல் 16-ம் பெற்றன. அந்தப் பதினாறில் ரந்தாவ் ஒன்று. அங்கே சட்டமன்றத்துக்கு யாரும் ஓட்டே போடவில்லை. வேட்புமனு கொடுக்க வந்த டாக்டர் எஸ். ஸ்ரீராமிடம் நுழைவு அட்டை இல்லையென்று அவரைத் தடுத்துவிட்டார்கள். அப்போதைய மந்திரி பெசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2018 நவம்பரில் அந்த வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 2019 ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல் நடந்தது. முகமட் ஹசான் 4,510 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஆள் அவரேதான். ஆனால் இம்முறை மக்களைக் கேட்டு வென்றார். நம் பேச்சின் சாரம் அதுவே. கேட்டு வந்தவரை நாம் திரும்பக் கேட்கலாம்.

எதைக் கேட்பது? தொழிலாளர் சட்டமும் குறைந்தபட்சச் சம்பளமும் நாடாளுமன்றத்தின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் அதிகாரம். ரப்பர்க் காட்டை வீடமைப்புப் பகுதியாக்க வேண்டுமானால் நில நிபந்தனையை மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். நம் லயமும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், இடுகாடும் தோட்டத்து நிலத்தில்தானே நிற்கின்றன!

ஆதலின், தோட்டம் விலை பேசப்படுகிறதென்று காதில் விழுந்த அன்றே நமது சட்டமன்ற உறுப்பினரிடம் செல்வோம். 'அனுமதி கொடுக்குமுன் இங்குள்ள குடும்பங்களுக்கு வீடு எங்கே, கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் எங்கே?' என்று எழுத்தில் கேட்போம். மண்வாரி இயந்திரம் வந்தபின் அழுது பயனில்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். மனு எழுதுவது கிராணி வேலை. கையெழுத்திடுவது எல்லார் வேலை.