கரியும் தாரும் கற்பித்த பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரின் வீடுகளில் நிலக்கரி எரிந்தது. புகைபோக்கிகளிற் படிந்த கரியைச் சுரண்டுதற்கு ஏழைச் சிறுவரே ஏவப்பட்டனர். ஒடுங்கிய அக்குழாய்களுள் ஏறியிறங்கிய அவர்தம் உடலில் ஒட்டிய கரி, நெடுநாட் கழுவப்படாமலே கிடந்தது. அவர்கள் வளர்ந்து ஆளானபின் விதைப்பையின் தோலிலே புற்றுநோய் தோன்றுவதைச் சத்திரவைத்தியரான பேர்சிவல் பொட் கண்டார். கரியே அந்நோய்க்குக் காரணமென 1775ஆம் ஆண்டில் அவர் எழுதினார். ஆயினும், சிறுவரைப் புகைபோக்கியில் ஏற்றும் கொடுமைக்கு முடிவுகட்டிய சட்டம் 1875ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. உண்மை தெரிந்த பின்னரும் நூறாண்டு கழிந்தது.

நிலக்கரித் தார் நோயை விளைப்பதை ஆய்வுக்கூடத்திலே நிறுவியோர் யப்பானிய அறிஞர்களான யமகிவாவும் இச்சிக்காவாவும் ஆவர். முயல்களின் காதிலே நிலக்கரித் தாரை மாதக்கணக்காகப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கியதை 1915ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். பின்னர், இலண்டனிற் கெனவேயும் அவர்தம் துணைவரும் இரண்டு தொன் தார்க்கீலைப் பகுத்து ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டிலே அதனுள் மறைந்திருந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே பென்சோபைரீன்.

இப்பொருள் ஐதரோகாபன் வகையைச் சேர்ந்தது. ஆறு காபன் அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாகும். அத்தகைய ஐந்து வளையங்கள், தேன்கூட்டின் அறைகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டிநிற்பதே பென்சோபைரீன். விறகோ, நிலக்கரியோ, எண்ணெயோ போதிய காற்றின்றி எரியும்போது இவ்வினப் பொருள்கள் பல தோன்றுகின்றன. உடல் இவற்றை நீரிற் கரையச்செய்து வெளியேற்ற முயல்கின்றது. அம்முயற்சியின் இடையிலே பிறக்கும் பொருளொன்று மரபணுவைப் பற்றிக்கொண்டு அதனைச் சிதைக்கின்றது. காக்கும் செயலே கேடாக முடிவது விந்தையன்றோ!

கட்டடத்துள் இந்நஞ்சு புகுந்தது எவ்வாறு? நிலக்கரித் தார் மலிவானது. நீர் புகாமற் காப்பது. ஆதலின் கூரைத்தாளிலும், நிலத்தடிச் சுவர்ப் பூச்சிலும் அது இடம்பெற்றது. ஜேர்மனியில் 1950களிலும் 1960களிலும் மரத்தரைப் பலகைகளை ஒட்டுவதற்குத் தார் கலந்த கரும்பசையைப் பயன்படுத்தினர். பலகை தேய்ந்து பிளவுபட்டவிடத்து, அப்பசை பொடியாகி வீட்டுத் தூசியுடன் கலக்கின்றது. தரையிலே தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே அதனால் மிகுந்த தீங்கு. தாரிலிருந்து வடித்த கிரியோசோற்று எண்ணெய் ஊட்டிய பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகளும் இத்தகையனவே. அவற்றை வீட்டினுள்ளும், சிறுவர் விளையாடும் இடங்களிலும் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துள்ளது. பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் பிற்றுமன் தாரைப்போலவே கரியதாயினும், அதில் இந்நச்சுப்பொருள்கள் மிகக் குறைவு. கறுப்பெல்லாம் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தார் படாத வீட்டிலும் இந்நஞ்சு உண்டு. சிகரெட்டுப் புகையிலும், தணலிற் கருகிய இறைச்சியிலும் அது இருக்கின்றது. இலங்கையிலே இன்றும் எத்தனையோ இல்லங்களில் விறகடுப்பே எரிகின்றது. புகைபோக்கியில்லாத அடுக்களையிற் காலையும் மாலையும் அப்புகையைச் சுவாசிப்பவள் தாய். அவள் மடியிலிருப்பது குழந்தை.

அஞ்சி நடுங்குவதாற் பயனில்லை. அறிந்து ஒழுகுவதே வேண்டுவது. அடுப்புப் புகை வெளியேற வழி செய்தல் வேண்டும். காய்ந்த விறகையே எரித்தல் வேண்டும். தாரூட்டிய மரத்தை ஒருபோதும் அடுப்பிலிடலாகாது. பழைய தார்ப்பசையைச் சுரண்டவோ தேய்க்கவோ முற்படாது, தக்க காப்புடன் அறிந்தவரைக் கொண்டே அகற்றுவித்தல் நன்று. கருகிய பகுதியை உணவிலிருந்து நீக்குதலும், கரிபடியும் தொழில் செய்வோர் வேலை முடிந்ததும் உடல் கழுவி உடை மாற்றுதலும் எளிய காவல்களாம்.

இலண்டன் சிறுவர்க்கு நூறாண்டு காலம் கிட்டாத காவல் இவையே. இன்று அறிந்தவர் இன்னொரு தலைமுறையைக் காத்திருக்க வைத்தலாகாது.