இன்டர்வியூ ஒருத்தருக்கு, டிக்கெட் ரெண்டு பேருக்கு

இன்னிக்கு ஒரு சின்ன கேள்வி. எம்.பி.ஏ. இன்டர்வியூவுக்கு ஹஸ்பண்டையோ வைஃபையோ கூட்டிட்டுப் போகலாமா?

பெங்களூரு ஐ.ஐ.எம்.-ல இருக்கிற ஒரு வருஷ இ.பி.ஜி.பி. கோர்ஸையே எடுத்துக்கங்க. சேரணும்னா குறைஞ்சது 5 வருஷ வேலை அனுபவம் வேணும். அதனால கல்யாணம் ஆனவங்களும் நிறைய பேர் அப்ளை பண்றாங்க. ஃபுல் டைம் படிப்பு, வேலையை விடணும். வீட்ல ஒரு சம்பளம் நிக்கும், இ.எம்.ஐ. நிக்காது.

அதனால கூட வர்றவங்க தைரியம் சொல்ல மட்டும் வரல. அவங்க வாழ்க்கையும்தான் மாறப்போகுது.

நேர்ல வரச் சொன்னா, முந்தின நாளே போயிடுங்க. சென்னையிலிருந்து வந்தே பாரத்ல சுமார் நாலரை மணி நேரம். அன்னிக்குக் காலைல கிளம்பி பெங்களூரு டிராஃபிக்ல மாட்டிக்காதீங்க. நீங்க உள்ளே இருக்கிற நேரத்துல அவங்க பன்னேர்கட்டா ரோடு பக்கம் ஒரு சுத்து சுத்தட்டும். வாடகை என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, இங்கயே மாற்றல் கிடைச்சா ஆபீஸ் போக எவ்வளவு நேரம்னு பார்க்கட்டும்.

"ஏன் இப்போ வேலையை விடறீங்க?"ன்னு பேனல் கேக்கலாம். அதே கேள்வியை முந்தின நாள் ராத்திரி அவங்களைக் கேக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு நேர்மையா பதில் சொல்லிட்டா, பேனல் முன்னாடி தடுமாற மாட்டீங்க.

வெளியே வந்ததும் "எப்படிப் போச்சு?"ன்னு அவங்க கேப்பாங்க. நீங்களும் கேளுங்க: "இந்த ஊர் உனக்கு ஒத்துவருமா?" 'இல்ல'ன்னு பதில் வந்தாலும் பரவாயில்ல. அட்மிஷன் லெட்டர் வர்றதுக்குள்ள உட்கார்ந்து பேச நேரம் இருக்கு.